ஒளித்து வைத்த கைகள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவைத்தவர் சிட்டுவைப் பார்த்ததில்லை.

சிட்டுவின் அப்பா, இந்தக் கதையின் மூத்தவர், வாயாலேயே பிழைத்தவர். கடைவீதித் துணிக்கடையில் அவர் உட்கார்ந்து வாயைத் திறந்தாரானால், கைக்குட்டை வாங்க வந்தவர் கல்யாணத்துக்கே துணி எடுத்துக்கொண்டு போவார், பெண் கிடைக்காவிட்டாலும். அவருடைய ஒரே மகளுக்கு நாலு வயது. பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கீழே கடை, நடுமாடியில் சரக்கு அறை, மேலே வீடு. மேலே வாரம் இரண்டு முறை ஒரு டீச்சர் வந்து சிட்டுவுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறார். மூத்தவருக்கு அதில் சம்மதம் கிடையாது. கை பேசினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்று எவரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர். மனைவி இரண்டு நாள் பட்டினி கிடந்ததில் பேரம் ஒருவழியாகப் படிந்தது. மேலே வீட்டுக்குள் கை பேசலாம். கீழே கடையில், நாலு பேர் முன்னால், கூடாது. கடையில் சிட்டு கையைத் தூக்கினால் மூத்தவர் தன் கையால் அதை அமுக்கி இறக்கிவிடுவார். அடிக்க மாட்டார். அமுக்குவார், அவ்வளவுதான்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்பது நாளுக்கு முன்னால் நின்றுபோனது.

சிட்டு கையை மூடிவிட்டாள்.

பால், தண்ணீர், பூனை, வா, போதும், இன்னும் என்று நாற்பது வார்த்தை பேசிய கை. போன வாரம் புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை. இரண்டு கையும் கவுனுக்குள்ளே. சாப்பாட்டை அம்மா ஊட்ட வேண்டும். ராத்திரி கையைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் படுக்கிறாள், ரயிலில் நகைப்பெட்டியோடு தூங்குகிறவர்கள் மாதிரி.

முதல் இரண்டு நாள் மூத்தவருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பரவாயில்லை, நம் பேச்சு மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்தார். மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது கவுனைக் கழற்றப் போனார்கள். சிட்டு தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டதும் அவர் சந்தோஷம் இருந்த இடம் தெரியாமல் போய், அங்கே பயம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் டீச்சர் வந்து ஒரு மணி நேரம் சிட்டுவின் முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தார். பூனைப் படம் காட்டினார். பந்தை உருட்டினார். சிட்டு பந்தைக் காலால் திருப்பித் தள்ளினாள்.

"எல்லாத்தையும் மறந்துட்டாளா டீச்சர்?" என்று கேட்டாள் சிட்டுவின் அம்மா.

"மறந்த பிள்ளைக்குக் கை சும்மா தொங்கும்மா. இவ பூட்டி வச்சிருக்கா. யாரோ எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயப்படற மாதிரி."

டீச்சர் மூத்தவர் பக்கம் திரும்பினார். "கையில யாராவது அடிச்சீங்களா?"

"என் பிள்ளைய நான் அடிச்சதே கிடையாது."

"சூடு கீடு பட்டுச்சா?"

"இல்ல."

"தனியா யார்கிட்டயாவது விட்டீங்களா?"

சிட்டுவின் அம்மா சட்டென்று கணவனைப் பார்த்தாள். முகத்தை மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளுத்துப்போனாள்.

"வீட்டுல இருக்கிறது நான், இவ, என் தம்பி," என்றார் மூத்தவர். "வேற யாரு..."

அதற்குமேல் அவரால் முடிக்க முடியவில்லை. தம்பி என்ற சொல் வாயிலிருந்து வெளியே வந்து, நடுக்கூடத்தில் நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது.

"அவகிட்டயே கேட்டுப் பாருங்களேன் டீச்சர். நீங்க கேட்டா சொல்லுவா."

"எதை வச்சுச் சொல்லுவா சார்? வா, போ, சாப்பிடு, தூங்கு, தொடாதே. நாம அவளுக்குச் சொல்றதுக்கு எது வேணுமோ அதைத்தான் குடுத்திருக்கோம். அவ நமக்குச் சொல்றதுக்கு வேண்டியதைக் குடுக்கல. 'பயமா இருக்கு'ன்னு சொல்லவே போன மாசம்தான் காட்டினேன். 'யாரு', 'என்ன பண்ணாங்க', அதெல்லாம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. என் தப்பும்தான்."

 மூத்தவர் முப்பது வருஷம் கடை நடத்தியவர். வெளியே போகிற பொருளுக்கு ஒரு வழி, உள்ளே வருகிற பொருளுக்கு ஒரு வழி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மகளுக்கு ஒரு வாசலை மட்டும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"எங்கயாவது போகப் பயப்படறாளா?" என்று கேட்டார் டீச்சர் எழுந்துகொண்டே.

"மாடிப்படி," என்றாள் அம்மா. "இறங்கறப்ப தூக்கச் சொல்லி அடம். சரக்கு அறை வந்ததும் கண்ணை மூடிக்கிறா."

"அப்ப அங்க அவளோட போங்க. தூக்கிட்டுப் போகாதீங்க. இழுக்காதீங்க. அவ எதைப் பார்க்கிறாளோ அதைப் பாருங்க."

டீச்சர் போன பிறகு கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"சரக்கு அறைச் சாவி தம்பிகிட்டதானே இருக்கு?" என்றாள் அவள் கடைசியில்.

"வாயை மூடு."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் மூடச் சொல்றேன்."

மூத்தவர் கடைக்கு இறங்கினார். சட்டைப்பையில் மடித்த காகிதம் ஒன்று நெஞ்சில் உறுத்தியது. நாளைக்குப் பத்து மணிக்கு அதோடு பள்ளிக்கூடம் போக வேண்டும். வாயால் மட்டுமே பேசப் பழக்குகிற பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். மூன்று மாதம் நடையாய் நடந்து பிடித்த இடம். 'வீட்டிலும் சைகை செய்ய மாட்டோம்' என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மனைவிக்கு அது தெரியாது.

கடையில் சின்னவர், அதாவது தம்பி, கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ஒரு பொம்மைக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருந்தார். சின்னவருக்கு மூக்குக்கண்ணாடி போட்ட, சிரித்த முகம். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவர். கடைப் பொம்மைகளோடுதான் தனக்குச் சிநேகம், அதுகள் எதிர்த்துப் பேசாது என்பார்.

"என்ன அண்ணே, முகம் நனைஞ்ச துணி மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"சிட்டு எப்படி இருக்கா?"

"ஏன் கேக்கற?"

சின்னவரின் கை கழுத்துப்பட்டையிலேயே நின்றது. "ஏன் கேக்கறன்னா... எங்க அண்ணன் பொண்ணு, கேக்கறேன்."

வேலியே பயிரை மேயுமா? மூத்தவர் தம்பியின் கைகளையே பார்த்தார். இந்தக் கையைப் பிடித்து அவர்தான் எழுதப் பழக்கினார். ஒன்பது நாளுக்கு முன்னால், புதன்கிழமை, இந்தக் கை எங்கே இருந்தது?

ஒரு மொத்த வாங்குபவர் வந்தார். போர்வைக்கு வழக்கம்போலப் பாதி விலை கேட்டார். மூத்தவர் சரி என்று தலையாட்டிவிட்டார். வந்தவர் பதறிப்போய்ப் போர்வையைப் பிரித்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துத் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று சத்தம்.

"என்னங்க, சிட்டு இங்க வந்தாளா?"

"இல்லையே."

"துணி காயப் போட்டுட்டுத் திரும்பறேன், காணோம். கதவு திறந்து கிடக்கு."

மூத்தவர் வாசலுக்கு ஓடினார். வெளியே நண்பகல் கடைவீதி. சுமைவண்டிகள், பின்னால் வந்து சரக்கு இறக்கும் லாரிகள், ஹாரன் மேல் ஹாரன். லாரி பின்னால் வரும்போது அடிக்கிற ஹாரன் நாலு வயசுப் பிள்ளைக்கு வழிவிடச் சொல்கிற ஹாரன். அதுவும் காது கேட்கிற பிள்ளைக்கு.

"சிட்டு," என்று கத்தினார். "சிட்டு, சிட்டு."

அவர் குரல் பெரிய குரல். வீதிக்கோடியில் இருக்கிறவரைக் கூப்பிட்டு வேட்டி விற்ற குரல். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் சத்தமா கூப்பிடுங்க முதலாளி," என்றார் சுமை இறக்குகிற ஒருவர், நல்ல எண்ணத்தில்.

மூத்தவர் இன்னொரு முறை வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. ஒரு லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். அடுத்த லாரிக்கு அடியில் பார்த்தார்.  வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த குரல், அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆளுக்குச் செல்லாக்காசு.

"என்னங்க." மனைவி படிக்கட்டிலிருந்து கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. "இங்க வாங்க."

சரக்கு அறை வாசலில் சிட்டுவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது.

உள்ளே ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம். துணிக்கட்டுகளுக்கு நடுவே, சுவரோரமாக, நாலு சிறுமிகள் வரிசையாக நின்றார்கள். நாலும் சிட்டுவின் உயரம். அதில் ஒன்று போட்டிருந்த பூப்போட்ட மஞ்சள் கவுன் சிட்டுவிடமும் இருக்கிறது. இதே கடைச் சரக்குதான். துணி மாட்டுகிற பொம்மைகள். ஒன்றுக்கும் கை இல்லை. மணிக்கட்டோடு முடிந்திருந்தன. பக்கத்தில் ஒரு சாக்குப்பை. அதன் வாயிலிருந்து சின்னச் சின்ன விரல்கள் எட்டிப் பார்த்தன.

தினம் பார்க்கிற பொருள்தான். இன்று பார்த்தபோது மூத்தவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த கட்டுத்துணிச் சுருள். கை இல்லாத ஒரு பொம்மையின் மணிக்கட்டில் அதைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி, முனையை உள்ளே சொருகி, தடவிக்கொடுத்தாள். அடுத்த பொம்மைக்கு நகர்ந்தாள்.

ஒன்பது நாளாகக் காணாமல் போயிருந்த கைகள். எவ்வளவு சுறுசுறுப்பு.

மூத்தவரின் நிழல் அவள்மேல் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். கட்டுத்துணி உருண்டு ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு கையும் கவுனுக்குள் போய்விட்டன. பின்னாலேயே நகர்ந்து, முதுகு சுவரில் முட்டுகிற வரைக்கும் போனாள்.

அவள் அம்மாவைப் பார்த்து நகரவில்லை. அவரைப் பார்த்து நகர்ந்தாள்.

"என்ன அண்ணே, கிடைச்சாளா?" மூச்சிரைக்கச் சின்னவர் வந்து நின்றார்.

"இதெல்லாம் என்ன?" மூத்தவர் பொம்மைகளைக் காட்டினார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"இதுவா? கண்ணாடிப் பெட்டியில பழைய பொம்மைய எடுத்துட்டுப் புதுசு வச்சேனே, புதன்கிழமை. கையைக் கழட்டினாத்தானே சட்டையை மாத்த முடியும்? கழட்டி மூட்டையில போட்டேன்." சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. "சிட்டு பார்த்தாளா? கழட்டிட்டு நான் போனப்புறம் வந்தாளா? எனக்குத் தெரியாதே அண்ணே. எந்தப் பிள்ளையா இருந்தாலும் 'இதுங்க கை எங்க சித்தப்பா'ன்னு வந்து கேட்டிருக்கும். இவ..."

மூத்தவரால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையிலிருந்து மனதுக்குள் அவனை எந்த இடத்தில் நிறுத்திவைத்திருந்தார் என்பது அவனுக்குத் தெரியாமலே போகட்டும். உயிர் போய் உயிர் வந்தது. இவ்வளவுதானா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"பொம்மைன்னு எடுத்துச் சொன்னா முடிஞ்சுது," என்றார். "சொல்லு அவளுக்கு."

"முதல்ல அவ என்ன நினைச்சிருக்கான்னு கேக்கறேன்," என்றாள் மனைவி. தரையில் மண்டியிட்டு, சிட்டுவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, பொம்மையைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் மேலே திருப்பி விரித்தாள். என்ன ஆச்சு?

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கவுனுக்குள் ஏதோ அசைந்து நின்றது.

"நீங்க திரும்பிக்குங்க."

"நானா?"

"சுவத்தைப் பார்த்து நில்லுங்க. நீங்க பார்த்தா பேச மாட்டா."

பாடம் சொல்லாத பையனைப் போல மூத்தவர் சுவரைப் பார்த்து நின்றார். அவர் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, அந்தச் சுவரில் கடையிலிருந்து தள்ளிய பழைய ஆளுயரக் கண்ணாடி சாய்த்துவைத்திருந்தது. ஓரமெல்லாம் ரசம் போயிருந்தது. நடுவில் சிட்டு தெரிந்தாள்.

வெகுநேரம் கழித்து ஒரு கை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று.

"சின்னப் பிள்ளைங்க," என்று மனைவி தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். "சின்னப் பிள்ளைங்க கையால பேசினாங்க. நிறையப் பேசினாங்க."

கண்ணாடியில் சிட்டு இடது கையைத் தூக்கினாள். வலது கையை அதன்மேல் வைத்தாள். மெல்ல அமுக்கி, கீழே இறக்கினாள்.

மனைவி பேசவில்லை.

சிட்டு இடது மணிக்கட்டைப் பிடித்தாள். முறுக்கினாள். கழற்றினாள். மூட்டையைக் காட்டினாள். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றார் மூத்தவர் கண்ணாடியைப் பார்த்தபடி. "நடுவுல கையை அமுக்கிக் காட்டினாளே, அது என்ன வார்த்தை?"

"ஒண்ணுமில்ல. விடுங்க."

"சொல்லு."

"வார்த்தை இல்ல. பேரு."

"யார் பேரு?"

"ஆளாளுக்கு ஒரு பேரு வச்சிருக்கா. நாங்க யாரும் சொல்லிக்கொடுக்கல." அவள் தாடையில் இருந்த மச்சத்தைத் தொட்டாள். "இது நான். மூக்குக்கண்ணாடி பிடிச்சா தம்பி. ஜடையைத் தொட்டா டீச்சர்."

"அது?"

"அது நீங்கதாங்க. ஒரு வருஷமா உங்களுக்கு அதான் பேரு. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல."

சின்னவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

மூத்தவர் சேர்த்துப் பார்த்தார். கழற்றியது யார் என்று சிட்டு பார்க்கவில்லை, திருகாணி தெரியும் வெறும் மணிக்கட்டைத்தான் பார்த்திருக்கிறாள்; அவளுக்குத் தெரிந்து கையை அமுக்குகிறவர் ஒருவர்தான். சின்னப் பிள்ளைகள் கையால் பேசினார்கள். அப்பா அவர்கள் கையைக் கழற்றி மூட்டையில் போட்டார். அடுத்தது நான்.

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் தன் கையைத் தானே காவல் காத்திருக்கிறாள். இன்றைக்கு, கை போன பிள்ளைகளுக்கு மருந்து போட, பயந்த இடத்துக்குத் தனியாக வந்திருக்கிறாள்.

திரும்பினார். சிட்டுவின் கைகள் உள்ளே ஓடின. சின்னவர் அவசரமாக மூட்டையிலிருந்து ஒரு கையை எடுத்துப் பொம்மைக்குத் திருகிப் பொருத்தினார். "பாரு கண்ணு, சரியாப் போச்சு. சித்தப்பா ரிப்பேர் பண்ணிட்டேன்." வலது பக்கத்துக்கு இடது கையை மாட்டிவிட்டார். சிட்டு அதைக் கவனிக்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 மூத்தவர் மண்டியிட்டார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்க்க, சரக்கை எதிராளி முன்னால் விரித்துவைக்கிற மாதிரி. எடுத்துப் பாரு. உன் இஷ்டம்.

கடையில் எவ்வளவோ பேர் எவ்வளவோ நேரம் யோசித்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் யாரும் அவரைக் காக்கவைத்ததில்லை.

சிட்டு வந்தாள். ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து, முறுக்கினாள். பலம் கொண்ட மட்டும் முறுக்கினாள். வலித்தது. அவர் அசையவில்லை. கை கழலவில்லை.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள், எங்காவது திருகாணி இருக்கிறதா என்று. பிறகு யோசித்தாள். யோசித்துவிட்டு, தன் கையை அவர் முன்னால் நீட்டினாள்.

 கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

"முறுக்குங்க," என்றாள் மனைவி.  "முறுக்கிக் காட்டுங்க. அவ கேக்கறா."

மூத்தவர் இரண்டு விரலால் பிடித்தார். இந்தக் கையை இதுவரை அமுக்கத்தான் பிடித்திருக்கிறார். இந்தப் பக்கம் கால்வாசித் திருப்பு. அந்தப் பக்கம் கால்வாசித் திருப்பு. விட்டுவிட்டார்.

சிட்டு கண்ணைத் திறந்தாள். கை இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன.

"முதலாளி," என்று கீழிருந்து கடையாள் குரல் கொடுத்தார். "பள்ளிக்கூடத்திலேருந்து போன். நாளைக்கு இல்லையாம், இன்னிக்கே நாலு மணிக்கு வரச் சொல்றாங்க. கையெழுத்துப் போட்ட காகிதத்தை மறக்காம எடுத்துட்டு வரணுமாம்."

"என்ன காகிதம்?" என்றாள் மனைவி.

 மூத்தவரின் சட்டைப்பையில் காகிதம் இருந்தது. எதிரே சிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

சிட்டுவுக்கு அந்தக் குரலும் கேட்கவில்லை, இந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே அவள் இடது கையைத் தூக்கினாள். வலது கையை அதன்மேல் கொண்டுவந்தாள். அவர் பெயரைத்தான் சொல்லப்போகிறாள். மூத்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

வலது கை இடது கையின்மேல் வந்து நின்றது. அமுக்கவில்லை. எடுக்கவும் இல்லை. பாதிப் பெயரில் கையை நிறுத்தி, மீதியை என்னவென்று வைக்கலாம் என்று சிட்டு அவரைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தாள்.